செயின் முறுக்கிக்கொண்டதா? இழுக்காதீர்கள்

கேள்வி: மகனின் கியர் சைக்கிளைக் காரில் ஏற்றப் பின்சக்கரத்தைக் கழற்றினேன். திரும்ப மாட்டும்போது செயின் தனக்குள்ளேயே சுருண்டு முடிச்சாகிவிட்டது. வெட்டித்தான் எடுக்க வேண்டுமா?

வெட்ட வேண்டாம். இரு முனையும் சேர்ந்திருக்கும் செயினில் நிஜமான முடிச்சு விழ வழியில்லை. அது ஒரு வளையம் புரண்டு கிடப்பதுதான். ஆனால் பலம் போட்டு இழுத்தால் கண்ணித் தகடு பக்கவாட்டில் வளைந்துவிடும். சிக்கலைவிட அதுதான் செலவு வைக்கும்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். முன்னால் செயின் வீலின் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) பல்லிலிருந்து செயினை இறக்கி, உள்பக்கம் தொங்க விடுங்கள். அந்தத் தளர்வு கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. அடுத்து பின் டீரெய்லரை, அதாவது கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும், இரண்டு சிறுசக்கரம் கொண்ட கையைப் பாருங்கள். சக்கரம் இல்லாத நேரத்தில் ஸ்பிரிங் இழுப்பில் அது செயின் வளையத்துக்குள் புகுந்து புரண்டிருக்கும்; பெரும்பாலும் சிக்கலின் மூலம் அங்கேதான். அதைக் கையால் பிடித்து, வந்த வழியிலேயே திருப்பி வெளியே எடுங்கள். அதன் பிறகும் செயின் குறுக்கே ஏறியிருந்தால், அந்த இடத்து வளையத்தை விரலால் அகலப்படுத்தி, சட்டைக் கையை உள்வெளியாகத் திருப்புவதுபோல் புரட்டுங்கள்.

சரியான பாதை இது: சைக்கிள் நேராக நிற்கும்போது, ஃப்ரீவீலிலிருந்து (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) இறங்கும் செயின் டீரெய்லரின் மேல் சிறுசக்கரத்துக்கு முன்புறமும் கீழ்ச் சிறுசக்கரத்துக்குப் பின்புறமும் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னத் தகட்டு நாக்கு நீட்டியிருந்தால், செயின் அதில் உரசாமல் உள்ளே போகிறதா என்றும் பாருங்கள்.

மாட்டியதும் பெடலைப் பின்னோக்கி மெல்லச் சுற்றுங்கள். டீரெய்லரில் ஒரே கண்ணி வரும்போது மட்டும் 'டக்' என்று துள்ளினால், அந்தக் கண்ணி வளைந்திருக்கலாம், அல்லது இறுகியிருக்கலாம். 112 கண்ணிச் செயினும் 44 பல் செயின் வீலும் என்றால், துள்ளல் இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல் ஒருமுறை வரும். ஒவ்வொரு பெடல் சுற்றிலும் வந்தால் குற்றம் செயின் வீலில்.

இறுகிய கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரு பக்கமும் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக அசைத்தால் போதும். வளைந்த கண்ணியை ஸ்பேனரால் நிமிர்த்திப் பெடல் போட்டு ஏறுவதில் எங்களுக்குச் சம்மதமில்லை. நிமிர்ந்த இடத்திலேயே அறுந்துபோகலாம். அதை மாற்றிவிடுங்கள். செயின் பழையதென்றால் முதலில் அளந்து பாருங்கள்: புதுச் செயினில் 24 கண்ணி 304.8 மி.மீ. இருக்கும். 306.4 மி.மீ.யைத் தொட்டிருந்தால் முழுச் செயினையே மாற்றுவதுதான் லாபம்.

அடுத்த முறை சக்கரத்தைக் கழற்றுமுன், பின்னால் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு கியரைக் கொண்டுவாருங்கள். சக்கரம் வெளியே வந்ததும் செயினின் மேல்பகுதியை ஒரு துணிக்கீற்றால் ஃபிரேமோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.