நடுநிலை என்றால் சும்மா இருப்பதா?

கே: அடுத்த வீட்டுச் சண்டையில் மூக்கை நுழைக்காதே என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். பின்லாந்தும் ஸ்வீடனும் அதுபோல நடுநிலையாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாமே, எதற்கு நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தன?
(வாசகர், பெரம்பூர்)

ப: சண்டை அடுத்த வீட்டில் என்றால் சரி. சண்டைக்காரரே அடுத்த வீட்டுக்காரர் என்றால்? பின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே சுமார் 1,340 கி.மீ. எல்லை இருக்கிறது, நம் சென்னையிலிருந்து காரில் மும்பை போகிற தூரம். 1939-ல் சோவியத் படை அந்த எல்லையைத் தாண்டி வந்தது, பின்லாந்து நிலத்தை இழந்தது, அப்புறம் 1948-ல் மாஸ்கோவோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு பெரியவருக்குக் கோபம் வராமல் பல வருஷம் ஓட்டியது. கொள்கைப் பற்று என்று அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. கட்டாய ராணுவப் பயிற்சியைக் கைவிடவே இல்லை. மொத்த ஜனத்தொகை சுமார் 55 லட்சம், அதில் 48 லட்சம் பேருக்குப் பதுங்கும் இடம் கட்டி வைத்திருக்கிறார்கள். ஹெல்சிங்கியில் பாறையைக் குடைந்த ஒரு பதுங்குமிடம் இப்போது நீச்சல் குளம்! பிள்ளைகள் டைவ் அடித்துக்கொண்டிருப்பார்கள், உத்தரவு வந்தால் 72 மணி நேரத்துக்குள் தண்ணீரை வடித்து ஜனங்களை உள்ளே அனுப்பிவிட வேண்டும். இதுதான் அவர்கள் நடுநிலைக்குக் கொடுத்த வாடகை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததைப் பார்த்ததும், வாடகை கட்டியும் வீடு நிலைக்குமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. 2023 ஏப்ரல் 4 அன்று நேட்டோவில் சேர்ந்துவிட்டார்கள்.

ஸ்வீடன் 1814-க்குப் பிறகு போருக்கே போகாத நாடு. அந்த நம்பிக்கையில் 2010-ல் கட்டாய ராணுவ சேவையை நிறுத்தி, 2017-ல் அவசரமாகத் திரும்பக் கொண்டுவந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்த துருக்கியும் ஹங்கேரியும் சம்மதம் தராமல் இழுத்தடித்ததில் நேட்டோவுக்குள் நுழைய 2024 மார்ச் ஆகிவிட்டது.

கே: சுவிட்சர்லாந்து மட்டும் அசையவே இல்லையே, எப்படி?
(வாசகி, மந்தைவெளி)

ப: யார் சொன்னது? 1815-லிருந்து உலகம் ஒப்புக்கொண்ட நடுநிலை, ஐ.நா. அலுவலகத்தை ஜெனிவாவில் வைத்துக்கொண்டே 2002 வரை ஐ.நா.வில் சேராத பிடிவாதம், எல்லாம் உண்மைதான். அப்படிப்பட்ட நாடு 2022-ல் போர் தொடங்கிய சில நாட்களிலேயே ரஷ்யா மீதான ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைகளை அப்படியே ஏற்றுக்கொண்டது. மாஸ்கோவுக்குக் கோபம். இன்னொரு பக்கம், தான் விற்ற பீரங்கிக் குண்டுகளை ஜெர்மனி உக்ரைனுக்குக் கொடுக்கக்கூடாது என்று மறுத்தது. பெர்லினுக்குக் கோபம். அவசரத்துக்கு உதவாத கடையில் யார் வாங்குவார்கள்? அந்தக் குண்டுகளை ஜெர்மனியிலேயே தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கே: இந்தியாவும் நடுநிலை நாடுதானே?
(வாசகர், தாம்பரம்)

ப: இல்லை, அணிசேரா நாடு. நடுநிலை நாடு எந்தப் போரிலும் சேராது. அணிசேரா நாடு யாரோடும் நிரந்தரமாகச் சேராது, தேவைப்பட்டால் சண்டை போடும். 1971 ஆகஸ்டில் சோவியத்தோடு ஒப்பந்தம், டிசம்பரில் பாகிஸ்தானோடு போர். 2022 மார்ச் 2 அன்று ரஷ்யாவைக் கண்டித்து ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் கை தூக்கியபோது ஒதுங்கி நின்ற 35-ல் நாமும் உண்டு. எண்ணெய், ஆயுதம், சீனா என்று அதற்குத் தனிக் கணக்கு, ஒரு பதிலில் அடங்காது.

கே: எங்கோ ஐரோப்பாவில் ஒரு நாட்டின் நடுநிலை போனால் சென்னைக்காரனுக்கு என்ன சார்?
(வாசகர், ராயபுரம்)

ப: ராயபுரத்திலிருந்து இந்தக் கேள்வியா! பொடிநடையாக உயர் நீதிமன்றம் பக்கம் போங்கள், சுற்றுச்சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கும். 1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மனி நடுநிலை நாடான பெல்ஜியத்துக்குள் புகுந்தது, அதைச் சொல்லி அன்று இரவே பிரிட்டன் போரில் இறங்கியது, பிரிட்டன் என்றால் மெட்ராசும் சேர்த்திதான். செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அந்தக் கல்வெட்டு அதற்குத்தான். பயந்துபோன ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். உங்கள் பாட்டி யாரையாவது 'சரியான எம்டன்' என்று திட்டிக் கேட்டிருக்கிறீர்களா? அது இந்தக் கப்பல்தான்.