ஜோடி ஜோடியாக அளந்தால் போதுமா?

வணக்கம் சார்,

குவாண்டம் பின்னல் (துகள்களைத் தனித்தனியாக விவரிக்க முடியாதபடி அவை பிணைந்து கிடப்பது) பற்றிய கட்டுரையில் இரண்டு துகள்களோடு நிறுத்திவிட்டீர்கள். எட்டு, பத்துத் துகள்கள் பின்னிக் கிடந்தால் என்ன செய்வார்கள்? இரண்டிரண்டாக எடுத்து ஒட்டுறவை, அதாவது ஒன்றின் விடை மற்றதோடு எவ்வளவு சேர்ந்து மாறுகிறது என்பதை, அளந்து சேர்த்தால் முழுப் படமும் வந்துவிடாதா? நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். எங்களுக்கு அது பழகிய வழி.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

வராது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கிரீன்பெர்கர், ஹார்ன், சைலிங்கர் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் 1989இல் ஒரு நிலையை முன்வைத்தார்கள். அதன் மூன்று துகள் வடிவத்தைப் பார்ப்போம். ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பிட்ட திசையில் அளந்தால் காசு சுண்டியது போல +1 அல்லது -1 வரும். எந்த இரண்டை எடுத்தாலும் ஒட்டுறவு பூஜ்யம். ஆனால் மூன்று விடைகளையும் பெருக்கினால் எப்போதும் +1தான். வேறொரு திசையில் அளந்தால் ஜோடிகளுக்குள் ஒட்டுறவு தெரியும். ஆனால் அது, ஒரே நிறப் பந்துகளைப் பெட்டிகளில் போட்டு அனுப்பினாலும் கிடைக்கிற சாதாரண ஒட்டுறவு. பின்னல் எந்த ஜோடியிலும் இல்லை, மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் இருக்கிறது.

சரி, எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கலாமே? அளந்தார்கள். 2005இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் இயற்பியலாளர் ரைனர் பிளாட்டின் குழு 8 கால்சியம் அயனிகளை (மின்னூட்டம் கொண்ட அணுக்களை) பின்னி, அதன் முழு நிலையையும் அளந்தது. அயனி ஒன்றுக்கு 3 திசைகள் என்றால் 8 அயனிகளுக்கு 6,561 சேர்க்கைகள். ஒவ்வொன்றையும் 100 தடவை அளக்க 10 மணி நேரம் ஆயிற்று. இதே வேகத்தில் 20 அயனிகளை அளக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 600 ஆண்டுகளுக்கு மேல்!

அப்புறம் கேள்வியையே மாற்றினார்கள். முழு நிலை வேண்டாம், பின்னல் எவ்வளவு என்று மட்டும் தெரிந்தால் போதும். 2019இல் அதே ஊரில் 10 அயனிகளை வைத்துச் செய்த சோதனையில், ஒவ்வோர் அயனியையும் ஏதோ ஒரு திசைக்குக் குருட்டாம்போக்கில் திருப்பி அளந்தார்கள். பிறகு வேறு திருப்பல், மறுபடி அளவு. கலங்கிய நிலையானால், அதாவது எது என்று உறுதியாகச் சொல்ல முடியாத கலவையானால், எப்படித் திருப்பினாலும் விடைகளின் பரவல் பெரிதாக மாறாது. முழுதும் அறியப்பட்ட தூய நிலையானால் திருப்பலுக்குத் திருப்பல் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்திலிருந்தே என்ட்ரோபியை, அதாவது நிலையைப் பற்றி நமக்குத் தெரியாதது எவ்வளவு என்பதன் அளவை, கணக்கிட்டுவிடலாம். நீங்கள் வகுப்பில் நடத்தும் பரவற்படிதான் இங்கே கருவி. துகள்கள் கூடக் கூட இதிலும் வேலை மடங்கு மடங்காகத்தான் ஏறுகிறது, ஆனால் பழைய வழியைவிட மெதுவாக.

அவர்கள் கண்டது: பகுதியின் என்ட்ரோபி முழுமையினுடையதைவிட அதிகம். நூலகம் முழுவதும் எந்தப் புத்தகம் எங்கே என்று தெரிந்தவருக்கு ஒரே ஒரு அலமாரி மட்டும் தெரியாமல் போகுமா? குவாண்டம் உலகில் போகிறது. பின்னலுக்கு அதுவே சாட்சி.

உங்கள் மாணவர்களை இரண்டு காசுகளைச் சுண்டச் சொல்லுங்கள். பூவுக்கு +1, தலைக்கு -1. பெருக்கல் +1 ஆகும்படி மூன்றாவது காசைக் கையால் வைத்துவிட்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒட்டுறவுக் கெழு காணட்டும். இதில் குவாண்டம் எதுவும் இல்லைதான். ஆனால் ஜோடிகள் எதைக் காட்டாமல் விடுகின்றன என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.