தள்ளுபடியில் மிச்சம் 40,000, கார்டில் பாக்கி 86,000

கேள்வி: ஈரோட்டில் தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சம்பளம் ரூ.34,000. கணவர் லேத் பட்டறை நடத்துகிறார். வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். நான் வீண்செலவு செய்பவள் இல்லை. துணியோ பாத்திரமோ, ஆடித் தள்ளுபடியிலும் கிளியரன்ஸ் சேலிலும் மட்டுமே வாங்குவேன். போன ஆடியிலிருந்து கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட ரூ.40,000 மிச்சம் பிடித்திருக்கிறேன். ஆனாலும் கிரெடிட் கார்டு பாக்கி ரூ.86,000-இல் நிற்கிறது. மினிமம் தொகையை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறேன், குறையவே மாட்டேன் என்கிறது. இதில் என் நாத்தனாருக்கு வாங்கிக் கொடுத்த ரூ.31,000 ஃபிரிட்ஜும் அடக்கம், ரூ.12,000 திருப்பித் தந்திருக்கிறார். இப்போது அவரே, “அண்ணி, 52,000 ரூபாய் டிவி கிளியரன்ஸில் இருக்கு, நோ காஸ்ட் இஎம்ஐ, உங்க கார்டுல போடுங்க” என்கிறார். வங்கி ஆப் 16% வட்டியில் பர்சனல் லோன் தருவதாகச் சொல்கிறது. வீட்டில் ஐந்து சவரன் நகை இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சிக்கனம் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உங்களைக் கடிக்கிற பாம்பு ஒன்றே ஒன்றுதான்: அந்த மினிமம் தொகை. “தவறாமல் கட்டுகிறேன்” என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

கணக்கைத் தோராயமாகப் பார்ப்போம். பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 86,000-க்கு ரூ.3,010. அதன்மேல் 18% ஜிஎஸ்டி ரூ.542. ஆக ரூ.3,550. மினிமம் தொகை பாக்கியில் 5% என்றால் ரூ.4,300. நீங்கள் கட்டும் 4,300-இல் அசலுக்குப் போய்ச் சேருவது ரூ.750. அந்த மாதம் 800 ரூபாய்க்கு ஒரு சுடிதார் வாங்கினால் அதுவும் போச்சு.

இன்னொன்று. பழைய பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு 45, 50 நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். 12,000 ரூபாய்ப் புடவையை 40% தள்ளி 7,200-க்கு வாங்கினீர்கள் என்று வையுங்கள். மிச்சம் 4,800. அந்த 7,200-க்கு மாதம் ஏறத்தாழ 297 ரூபாய் வட்டி. ஒரு வருடத்தில் ரூ.3,560 கரைந்துவிட்டது. அந்த 12,000 என்ற விலையே நிஜமா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை.

கடைக்காரர் ஏன் கிளியரன்ஸ் போடுகிறார் என்று யோசித்தீர்களா? ஆடியில் கல்யாணம் கிடையாது, ஜவுளி வியாபாரம் படுத்துவிடும். ஆவணி முகூர்த்தத்துக்கும் தீபாவளிக்கும் புதுச் சரக்கு இறக்க இடமும் பணமும் வேண்டும். தேங்கிய சரக்கில் முடங்கிய பணத்துக்கு அவரும் வங்கிக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பார். லாபத்தைக் குறைத்தாவது அந்தச் சுமையை இறக்கிவிடப் பார்க்கிறார். கெட்டிக்காரர். அவர் இறக்கிவைப்பதை, அவர் கட்டுவதைவிடப் பல மடங்கு வட்டிக்கு நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். கையில் காசு வைத்து வாங்குகிறவருக்கு மட்டும்தான் கிளியரன்ஸ் லாபம்.

சரி, டிவிக்கு வருவோம். வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லி, ஜீரோ பர்சன்ட் திட்டங்களுக்குத் தடை போட்டது. அது இப்போது நோ காஸ்ட் என்று வேறு சட்டை மாட்டிக்கொண்டு வருகிறது. வட்டித் தொகையைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியாகக் கழித்துக் காட்டும். வங்கி அதே வட்டியை உங்களிடம் தவணையில் வாங்கிக்கொள்ளும். வட்டிமீதான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் பாடு. உங்கள் நிலையில் இதைவிட மோசமானது வேறு: இஎம்ஐ தவணை முழுசாக மினிமம் தொகையோடு சேரும். 52,000-ஐப் பன்னிரண்டு மாதமாகப் பிரித்தால் ரூ.4,333. அதாவது இப்போது கட்டும் 4,300, ஒரே மாதத்தில் ரூ.8,600-ஐத் தாண்டும். நாத்தனார் ஒரு மாதம் பிந்தினால் போதும்.

ஃபிரிட்ஜ் கணக்கையும் பாருங்கள். அவர் தர வேண்டிய 19,000-க்கு மாதம் 785 ரூபாய் வட்டியை நீங்கள் கட்டுகிறீர்கள். இது அவருக்குத் தெரியுமா? சண்டை வேண்டாம், ஸ்டேட்மென்ட்டில் வட்டி போட்டிருக்கும் இடத்தைக் கோடிட்டு உங்கள் கணவரிடம் கொடுங்கள். தங்கையிடம் அண்ணன் பேசட்டும். அண்ணி பேசினால் அது பணப் பேச்சாக இருக்காது.

இனி லோன். 16% வட்டியில் 86,000-ஐ இரண்டு வருடத்துக்கு எடுத்தால் தவணை ரூ.4,200 சொச்சம். நீங்கள் இப்போதே கட்டும் பணம்தான். அதே பணத்தில் 24 மாதத்தில் கடன் முடியும். ஆனால் நகை இருக்கும்போது 16% எதற்கு? பொதுத்துறை வங்கியில் நகைக்கடன் 10 சதவீதத்தை ஒட்டிக் கிடைத்தால் தவணை நாலாயிரத்துக்குள் வரும். இன்றைய விலைக்கு இரண்டு சவரனே போதும். வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகை வேண்டாம், மாதத் தவணையாகக் கேளுங்கள். வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே போனால் மினிமம் தொகையின் கதைதான் அங்கேயும்.

கார்டை அடைத்த அன்றே, லிமிட்டை 25,000 ஆகக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம், ஏனென்றால் ஆறே மாதத்தில் நகைக்கடனும் இருக்கும், கார்டு பாக்கியும் இருக்கும். இப்படி இரட்டைக் கடனோடு வரும் கடிதங்கள்தான் எனக்கு அதிகம். லிமிட் குறைந்தபின், “கார்டுல அவ்வளவு தாங்காதும்மா” என்று நாத்தனாரிடம் பொய்யில்லாமல் சொல்லலாம்.

அவர் தன் காசில் டிவி வாங்குவதானால் தாராளமாக வாங்கட்டும். பெட்டியில் உள்ள நட்சத்திர ஸ்டிக்கர் எந்த ஆண்டு வரை என்றும், வாரன்ட்டி முழுசா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கிளியரன்ஸில் போன மாடல்தான் வெளியே வரும். பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். தள்ளுபடிப் பொருள் என்று கடைக்காரர் கை விரித்தாலும் விடவேண்டாம்.

கடைசியாக ஒன்று. 86,000-ஐக் கட்டிய பிறகும் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் ஆயிரம், இரண்டாயிரம் வட்டி வரும். ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களுக்கானது அது. ஏமாற்றுகிறார்கள் என்று விட்டுவிடாமல் அதையும் முழுசாகக் கட்டிவிடுங்கள். அதில் பத்து ரூபாய் நின்றாலும் மீட்டர் மறுபடி ஓடும்.