கிளெஸ்மர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூடியூபில் கிளெஸ்மர் என்கிற கிழக்கு ஐரோப்பிய யூத இசையை வாசிக்கும் ஒரு குழுவின் கச்சேரியைத் தற்செயலாகக் கேட்டேன். கிளாரினெட் அழுதது. யூதப் படுகொலையின் துயரம்தான் இப்படி இசையாகியிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் சற்று நேரத்தில் தாளம் வேகமெடுக்க, கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டது. இதற்கு ஆடலாமா? அப்புறம், நம் வகுளாபரண ராகம் மாதிரி கேட்டதே, அது என் பிரமையா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

பிரமை இல்லை. கிளெஸ்மரில் அடிக்கடி வரும் ஃப்ரைகிஷ் என்ற சுர வரிசையும் வகுளாபரணத்தின் சுரங்களும் ஒன்றுதான். ஆனால் ராகமாக நினைத்துப் பின்னாலேயே போனால் ஏமாற்றம்தான், பிடிகளும் அசைவுகளும் முற்றிலும் வேறு.

படுகொலை பற்றிச் சொன்னதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நாஃப்டுலே பிராண்ட்வைன் நியூயார்க்கில் பதிவுசெய்த கிளாரினெட் இசைத்தட்டுகள் 1920களில் வந்தவை. ஹிட்லர் அப்போது ஆட்சிக்கே வரவில்லை, ஆனால் அவற்றிலும் இதே அழுகைதான். ஏனென்றால் இது கல்யாண இசை. உக்ரைன், போலந்து, மால்டோவாப் பக்கத்து யூதச் சிற்றூர்களில் முக்காடு போடுவதற்கு முன் மணமகளை நடுவில் உட்காரவைப்பார்கள். பத்கன் என்கிற கல்யாணக் கவிராயர், அவளுடைய கன்னிப்பருவம் முடிவதையும், தாயோ தகப்பனோ இறந்திருந்தால் அதையும் எதுகையோடு சொல்லிச் சொல்லி அவளை அழவைப்பார், வயலின் கூடவே போகும். அந்த வயலினில் ஒரு சுரம் முடிகிற இடத்தில் விரலால் தந்தியைச் சட்டென்று தொட்டு நாதத்தை நெரிப்பார்கள், விம்மும்போது தொண்டை அடைக்குமே, அந்த மாதிரி. க்ரெக்ட்ஸ் என்று பெயர். நீங்கள் கிளாரினெட்டில் கேட்டது அதைத்தான். அது முடிந்து மணப்பந்தலுக்கு ஊர்வலம், பிறகு விடிய விடிய ஆட்டம். எல்லாவற்றுக்கும் அதே குழுதான் வாசிக்கும், ஆடுகிற விருந்தாளிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் காசு கொடுப்பார்கள். ஆகவே ஆடலாம், தாராளமாக.

படுகொலை ஐரோப்பாவில் இந்த இசையை வாசித்தவர்களிலும் ஆடியவர்களிலும் பெரும்பாலோரைக் கொன்றது. அங்கே மிச்சமிருப்பதெல்லாம் சிலர் பிடிவாதமாகக் காப்பாற்றியது. மொய்சே பெரெகோவ்ஸ்கி என்ற இசை ஆய்வாளர் 1930களில் உக்ரைன் ஊர்களில் அலைந்து மெழுகு உருளைகளில் பதிவுசெய்தார். 1950இல் ஸ்டாலின் அரசு அவரைக் கைதுசெய்து சைபீரிய முகாமுக்கு அனுப்பியது. ருமேனியாவின் திரான்சில்வேனியாவில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் நெஞ்சு கனக்கிறது. அங்கே யூதக் கல்யாணங்களில் வாசித்துப் பழகிய இரண்டு ரோமா (ஜிப்சி) கலைஞர்கள், ஒருவர் வயலின், இன்னொருவர் சந்தூர் மாதிரி தந்திகளைக் கோலால் தட்டி வாசிக்கும் சிம்பலோம், அந்த மெட்டுகளை அரை நூற்றாண்டு மறக்காமல் வைத்திருந்தார்கள். ஹங்கேரியின் முஷிகாஷ் குழு அவர்களோடு சேர்ந்து 1993இல் ஓர் ஆல்பமே வெளியிட்டது. தேடிக் கேளுங்கள்.

பிராண்ட்வைனைக் கேட்ட கையோடு டேவ் டாராஸையும் கேளுங்கள். 1921இல் உக்ரைனிலிருந்து நியூயார்க் வந்தவர், அவருக்கும் கிளாரினெட்தான். பிராண்ட்வைனின் மூர்க்கம் இவரிடம் கிடையாது, ஒவ்வொரு சுரமும் சுத்தமாக, நிதானமாக விழும். என் ஓட்டு பிராண்ட்வைனுக்கு. உங்களுக்கு யாரைப் பிடித்தது என்று எழுதுங்கள்.