சிலிண்டர் யாருடையது?

"வக்கீல் அண்ணாச்சிக்கு வணக்கம். திருநெல்வேலி பேட்டையில் ஸ்டீல் கேட், மாடிப்படிக் கைப்பிடி செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் சம்பளத்துக்கு வேலை செய்யும் இரண்டு பையன்களும்தான். 2025 ஆகஸ்டில் கேஸ் ஏஜென்சிக்காரர்கள் வண்டியில் கொண்டுவந்து இறக்கிய, வெல்டிங்குக்கான ஆர்கான் வாயுச் சிலிண்டரைத் திறந்தபோது வால்வின் கழுத்தில் வாயு பீறிட்டது. சிலிண்டர் சாய்ந்து ஒரு பையனின் பாதத்தில் விழுந்ததில் எலும்பு முறிந்துவிட்டது. வெல்டிங் மெஷினும் போச்சு. மறுநாள் காலையிலேயே அவர்கள் ஆள் அனுப்பி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது சிலிண்டருக்கு விலை கேட்கிறார்கள். பில்லின் அடியில் 'சிலிண்டர் சேதத்துக்கு வாடிக்கையாளரே பொறுப்பு' என்று அச்சடித்திருக்கிறது. பணம் தராவிட்டால், லைசன்ஸ் இல்லாமல் சிலிண்டர் அடுக்கி வைத்திருப்பதாகப் புகார் கொடுப்பார்களாம். என் கையில் இருப்பது அன்றைக்கு செல்போனில் எடுத்த நாலு படம் மட்டும்தான். என்ன செய்யட்டும்?"

நீங்கள் அனுப்பிய நாலு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படம் ஒன்றே போதும், உங்கள் பக்கம் பேசுவதற்கு. சிலிண்டரின் தோள்பட்டையில் 03 19 என்று குத்தியிருக்கிறது. வீட்டு கேஸ் சிலிண்டரில் ஏ, பி, சி, டி என்று காலாண்டு போட்டிருப்பார்களே, அது அடுத்த சோதனை எப்போது என்பதைச் சொல்வது. இதில் குத்தியிருப்பது கடைசியாகச் சோதித்த மாதமும் வருடமும். ஆர்கான் அடைக்கும் கனத்த இரும்புச் சிலிண்டரை 5 வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அப்படியானால் 2024 மார்ச்சோடு கெடு முடிந்துவிட்டது. கெடு தாண்டிய சிலிண்டரில் வாயு நிரப்பக் கூடாது என்கின்றன 2016ஆம் ஆண்டு கேஸ் சிலிண்டர் விதிகள். இன்னொன்றும் தெரிகிறது. ஆர்கானுக்குரிய நீலம் உரிந்த இடத்தில் கறுப்பு எட்டிப் பார்க்கிறது. தொழிற்சாலை ஆக்சிஜனுக்குத்தான் கறுப்பு. ஒரு வாயுவுக்கென இருந்த சிலிண்டரை அனுமதியில்லாமல் வேறு வாயுவுக்கு மாற்றக் கூடாது. மாற்றினார்களா, வெறும் பெயின்ட் குளறுபடியா என்பதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இனி அந்த விலை விஷயம். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது உள்ளே இருந்த வாயுவை. இரும்பு அவர்களுடையது, டெபாசிட்டும் வாடகையும் வாங்கிக்கொண்டு உங்களிடம் விட்டுவைத்திருந்தார்கள், அவ்வளவுதான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 150வது பிரிவு இதற்கென்றே எழுதியது போல இருக்கிறது: வாடகைக்குக் கொடுத்த பொருளில் உள்ள குறையால் வாங்கியவருக்கு நஷ்டம் வந்தால், அந்தக் குறை தனக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் கொடுத்தவரே பொறுப்பு. "வால்வு பழுதென்று எங்களுக்குத் தெரியாது" என்ற பேச்சு அங்கே எடுபடாது. பில்லின் அடியில் உள்ள வரியைக் கண்டு மிரள வேண்டாம். சரக்கை இறக்கி முடித்த பிறகு நீட்டிய காகிதத்தில் இருக்கும் நிபந்தனைக்கு நீங்கள் முன்கூட்டிச் சம்மதித்ததாகச் சொல்ல முடியாது. ஏஜென்சியில் சேரும்போது ஏதாவது பாரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் அதைத் தேடி எடுத்து எனக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் போட்டிருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள்.

லைசன்ஸ் மிரட்டல் வெறும் பூச்சாண்டி. ஆர்கான், நைட்ரஜன், ஆக்சிஜன் போல எரியாத, நச்சில்லாத வாயுவில் 200 சிலிண்டர் வரைக்கும், அசிட்டிலினில் 50 வரைக்கும் வைத்துக்கொள்ள லைசன்ஸ் தேவையில்லை. உங்கள் பட்டறையில் பத்தைத் தாண்டாது.

ஆனால் உங்கள் பக்கமும் ஓட்டை இருக்கிறது. இரண்டாவது படத்தில் சிலிண்டரைச் சுவரோடு கட்டிய சங்கிலியைக் காணோம். ராக்கெட் எஞ்சினுக்குத் திரவ ஹைட்ரஜன் கையாளும் மகேந்திரகிரி இருக்கிற மாவட்டத்தில், பேட்டையில் ஒரு முழம் சங்கிலிக்கா பஞ்சம்? சங்கிலி இருந்திருந்தால் வால்வு பீறிட்டிருக்கும், பாதம் தப்பியிருக்கும். எதிர்த்தரப்பு இதைத்தான் பிடிக்கும், இழப்பீட்டில் ஒரு பங்கு இதனால் குறையலாம். நாலாவது படத்தின் ஓரத்தில் ஒரு எக்ஸ்எல் வண்டியும், அதில் கயிற்றால் கட்டிய சிலிண்டரும் நிற்கின்றன. இருசக்கர வண்டியில் சிலிண்டர் ஏற்றவே கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. அது வேறு நாள் வாங்கிய சிலிண்டராக இருக்கலாம். அதற்காக அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள். மூன்றைக் கொடுத்து ஒன்றை ஒளித்தால் நாலுமே கெட்டுப்போகும்.

படங்கள் அதே போனில் அப்படியே இருக்கட்டும். போன் மாற்றும் யோசனை இருந்தால் தள்ளிப்போடுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதை நான் தயார் செய்கிறேன்.

பையன் விஷயத்தை மட்டும் ஏஜென்சி பதில் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேலையில் அடிபட்டவனுக்கு முதலில் கொடுக்க வேண்டியவர் நீங்கள். யார் தவறு என்று அங்கே பார்ப்பதில்லை. விபத்து ஆகஸ்டில் நடந்ததால் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம்தான் பொருந்தும். நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்துவிட்டது, அது உங்களுக்கு இல்லை. வைத்தியச் செலவு முழுவதும், வேலைக்கு வர முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதமும் கொடுக்க வேண்டும். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் தவணைக்கு 3,000. பாதத்தில் நிரந்தரக் குறை என்று டாக்டர் எழுதினால் அது தனிக் கணக்கு. நீங்கள் கொடுத்ததைப் பிறகு ஏஜென்சியிடம் திரும்பக் கேட்கலாம். அதற்காகவே கையில் காசாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள்.

எங்கே போவது? மெஷின் நஷ்டத்துக்கும் வேலை நின்ற நாட்களுக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். "வியாபாரத்துக்கு வாங்கியவன் நுகர்வோர் இல்லை" என்பார்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் தொழிலுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கு தருகிறது. நீங்களே டார்ச் பிடிக்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி பையன்கள். ஏஜென்சி எந்த ஊரில் இருந்தாலும் திருநெல்வேலியிலேயே போடலாம். கெடு 2 வருடம், அதாவது 2027 ஆகஸ்ட்.

அதற்கு முன்னால், கேஸ் சிலிண்டர்களைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான பெசோவின் சென்னை அலுவலகத்துக்கு ஒரு மனு போகட்டும். சிலிண்டர் எண் முதல் படத்திலேயே இருக்கிறது. அதை நிரப்பிய ஆலை எது, கடைசியாகச் சோதித்த நிலையம் எது என்று கேளுங்கள். இந்த விதிகளெல்லாம் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருபவை. ஆர்கான் வெடிமருந்தா என்று சிரிக்காதீர்கள். உலோகக் கலத்தில் அழுத்தி அடைத்த எந்த வாயுவையும் 1938லேயே வெடிபொருள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். விபத்தைப் போலீசுக்குச் சொல்லவில்லையே என்று பிறகு கேள்வி வரலாம். அந்தச் சட்டம் வெடிப்பு அல்லது தீயால் நேர்ந்த விபத்தைப் பேசுகிறது, இது சீறல்தான் என்று வாதாட இடமுண்டு. இருந்தாலும் தாமதமாகவாவது ஒரு புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சேதமான சிலிண்டரை அவசரமாக எடுத்துப் போனது யார் என்பது அந்தப் புகாரில் முதல் வரியாக இருக்க வேண்டும்.

ஏஜென்சிக்கு நோட்டீஸ் என் அலுவலகத்திலிருந்தே ஸ்பீட் போஸ்டில் போகும். டெபாசிட் ரசீது, அன்றைய பில், மெஷின் வாங்கிய பில் மூன்றையும் அதற்குள் அனுப்புங்கள். பையனின் எக்ஸ்ரேயும் ஆஸ்பத்திரிச் சீட்டும் அசலாக அவனிடமே இருக்கட்டும்; உங்களுக்கு நகல் போதும்.