போன் ஏன் உளறுகிறது? – வகுப்பறைக் கேள்வி பதில்

கேள்வி: என் ஆறாம் வகுப்பில் பார்வையில்லாத மாணவி ஒருத்தி படிக்கிறாள். நான் டைப் செய்து அனுப்பும் தமிழ் நோட்ஸை அவள் போனில் திரையில் இருப்பதைச் சத்தமாக வாசிக்கும் டாக்பேக் வசதி வாசித்தால், ஏதேதோ ஆங்கில எழுத்தாக உளறுகிறது. வேறு போன் வாங்கச் சொல்லலாமா?
– ஆசிரியை, வியாசர்பாடி

பதில்: வேண்டாம் டீச்சர், போன் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு எழுத்துருவில். நோட்ஸ் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததா என்று பாருங்கள். பாமினியில் அடித்த ‘அம்மா’ கண்ணுக்குத்தான் அம்மா. கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். டாக்பேக் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். பழைய நோட்ஸை, போன் தமிழாகவே படிக்கும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றித் தரும் கன்வர்ட்டரில் போட்டு எடுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து மாறிக் குழம்பிவிடும், அவற்றைக் கையால் திருத்த வேண்டும். இனி அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள்.

பாடப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினாலும் பயனில்லை, அது வெறும் படம். 2 எம்.பி.க்குள் வைத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும். இடமும் வலமுமாக இரண்டு பத்தியாக அச்சான பக்கத்தில் வரிகள் கலந்துவிடும். பத்திகளைத் தனித்தனியாக வெட்டி ஏற்றுங்கள். வகுப்பில் இயர்போன் ஒரு காதில் மட்டும் இருக்கட்டும். மற்றக் காது உங்கள் குரலுக்கு.

கேள்வி: பூவின் பாகங்களை அட்டையில் நூல் ஒட்டிக் காட்டினோம். தொட்டுப் பார்த்த பார்வையில்லாத பையன் ஒன்றும் புரியவில்லை என்கிறான்.
– அறிவியல் ஆசிரியர், திருவொற்றியூர்

பதில்: புத்தகப் படத்தை அப்படியே நூலில் எடுத்திருப்பீர்கள். கண் முழுப் படத்தையும் ஒரே பார்வையில் பிடிக்கும்; விரல் துண்டு துண்டாகத்தான் சேர்க்கும். நெருங்கிய கோடு, குறுக்கே ஓடும் அம்புக்குறி எல்லாம் விரலுக்கு ஒரே சிக்கல்.

முதலில் நிஜச் செம்பருத்தி இரண்டு கொடுங்கள். ஒன்று முழுசாக, இன்னொன்றை நீங்களே பிளேடால் நெடுக்கில் பிளந்து. நடுக்குழலின் நுனியில் ஐந்து குட்டிக் குமிழ்கள் விரலில் தட்டுப்படும், சூல்முடி அதுதான். அதைக் கண்டுபிடித்த பிறகு அட்டைக்கு வாருங்கள்.

பழைய தினசரி காலண்டர் அட்டை போதும். புல்லி வட்டத்துக்குச் சணல் துணி, அல்லி வட்டத்துக்கு வழவழப்பான சாட்டின், மகரந்தத்தாளுக்கு உப்புத்தாள், சூலகத்துக்குத் தடித்த கயிறு. பாகத்துக்குப் பாகம் 5 மி.மீ.யாவது இடைவெளி விடுங்கள். அம்புக்குறி வேண்டாம், பாகத்தின் பக்கத்திலேயே பிரெயில் எண், விளக்கம் தனித்தாளில். பிரெயில் துண்டின் ஓரத்தில் மட்டும் பசை தடவுங்கள், அடி முழுக்கத் தடவி அழுத்தினால் புள்ளி அமுங்கிவிடும். அட்டையின் மேல் வலது மூலையை வெட்டிவிட்டால் எது மேல்பக்கம் என்று அவனே தெரிந்துகொள்வான். பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்காகப் பேனாவாலும் பெயர் எழுதுங்கள்.

ரவை, பருப்பு ஒட்டாதீர்கள். வண்டு வரும், எறும்பு வரும். பெவிகால் ஒரு ராத்திரி முழுக்கக் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதுவும் போதாது.

கேள்வி: மகளுக்குக் காதுக்கருவி உண்டு. ஆனாலும் வகுப்பில் பாதிதான் கேட்கிறதாம்.
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: கருவி எல்லாச் சத்தத்தையும்தான் பெருக்கும், மின்விசிறி இரைச்சல் உட்பட. அம்மா, அவளை விசிறி, வாசல் இரண்டுக்கும் தள்ளி இரண்டாம் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது பேசாமல், திரும்பி நின்று பேசட்டும். பள்ளி சம்மதித்தால், ஆசிரியர் மேசையில் ஒரு போனில், பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைத் தமிழில் ஓடவிட்டு, பாடம் முடிந்ததும் அவள் வாசிக்கலாம். ‘ஒளிச்சேர்க்கை’ போன்ற பாடச் சொற்களை அது தப்பாக எழுதக்கூடும். அன்றைய புதுச் சொற்களை முதலிலேயே பலகையில் எழுதிவிடச் சொல்லுங்கள்.