மறு: கார்பன் குழாயில் செருகிய அலுமினியத்தில் வெள்ளைப் பொடி

வணக்கம் நண்பரே. கோத்தகிரியில் மழைக்காலம் முழுக்கக் கிடந்த உங்கள் மாடல் கிளைடரில், கார்பன் ஃபைபர் இறக்கைக் குழாய்க்குள் செருகிய அலுமினியத் துண்டைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது, மட்டமான அலுமினியமா என்று கேட்டிருந்தீர்கள். அலுமினியத்தின் மேல் பழி போடாதீர்கள். கார்பன் மின்சாரம் கடத்தும். அதோடு அலுமினியம் ஒட்டியிருந்து, இடையில் ஈரமும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரியே உருவாகிவிடும், அரிபடுவது அலுமினியம்தான். நம் மலையின் மூடுபனியே அதற்குப் போதும். போயிங் 787 விமானத்தின் எடையில் சுமார் பாதி, பெரும்பாலும் கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள். அதில் கார்பனோடு சேரும் பல இடங்களில் டைட்டானியம் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்களுக்கு டைட்டானியம் எல்லாம் எதற்கு? துண்டைக் கழற்றிப் பொடியைத் தேய்த்து எடுங்கள். குழி விழுந்திருந்தால் யோசிக்காமல் புதுசு போடுங்கள். செருகும் பகுதியில் மெல்லிய கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸி என்ற இறுகும் பசையில் நனைத்துச் சுற்றுங்கள். இரண்டும் நேரடியாகத் தொடக்கூடாது. தடிமன் கூடும், அதற்கேற்ப அலுமினியத் துண்டை முன்பே அரம் போட்டுக்கொள்ளுங்கள். குளிரில் எபாக்ஸி சரியாக இறுகாது. அறையை இதமாக வைத்திருங்கள், அவசரப்பட்டு மறுநாளே பறக்கவிடாதீர்கள். அப்புறம், ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரின் ஆன்டெனா கார்பன் குழாய்க்குள் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். கார்பன் சிக்னலை மறைக்கும்.